கண்மாயில் டீசல் கொட்டினால் மிதவைத் தடுப்பு கட்டுவது எப்படி?

செட்டிநாட்டில் எண்ணெய்க் கசிவா என்று சிரிக்காதீர்கள், கண்மாய்க் கரையில் ஒரு டீசல் பம்பு ஒழுகினால் போதும். ஊருணி என்றால் இன்னும் அவசரம், குடிக்கிற தண்ணீர்.

கடலில் போடும் தடுப்பின் சூத்திரம்தான்: மேலே மிதவை, கீழே தொங்கும் திரை, அடியில் எடை. மூடி இறுக்கிய காலி பாட்டில்களைக் கயிற்றில் நெருக்கமாகக் கோத்து, தார்ப்பாயின் ஓர் ஓரத்தை அதன்மேல் மடித்துத் தைத்து, மறு ஓரத்தில் பழைய சங்கிலியைக் கட்டிவிடுங்கள்.

மடைப் பக்கம் நீரோட்டம் இருந்தால் நேர்க்குறுக்காகக் கட்டாதீர்கள், வினாடிக்குச் சுமார் 35 செ.மீ. வேகத்தைத் தாண்டினாலே எண்ணெய் திரைக்கு அடியில் நழுவிவிடும். சாய்த்துக் கட்டினால் கரையோரம் ஒதுங்கும், அங்கே வைக்கோலைப் போட்டு அள்ளலாம். சோப்புத்தூள் தூவ வேண்டாம், எண்ணெய் சிதறித் தண்ணீரோடு கலந்துவிடும். அப்புறம், பக்கத்தில் பீடி கூடாது.