சம்பளம் உயர்ந்தால் கைக்கு எவ்வளவு வரும்? நீங்களே கணக்குப் போடலாம்

“இன்க்ரிமென்ட் வந்தா ஸ்லாப் மாறிடும், அப்புறம் கைக்கு வர்றது இப்ப வர்றதைவிடக் குறைஞ்சிடும்” என்று அலுவலகத்தில் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்லாப் என்பது வருமானம் கூடக்கூட விகிதம் மாறும் வரி அடுக்கு. பெரும்பாலும் இது வீண் பயம். பெரும்பாலும் என்றேன், எப்போது உண்மையாகும் என்பதையும் கடைசியில் பார்ப்போம். பேப்பரும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: வரிக்குரிய வருமானத்தை எடுங்கள்

ஆண்டுச் சம்பளத்திலிருந்து சட்டம் அனுமதிக்கும் கழிவுகளைக் கழித்தால் வருவதுதான் வரிக்குரிய வருமானம். ஸ்லாப் எல்லாம் இந்தத் தொகைக்குத்தான். பழைய சம்பளத்துக்கு ஒன்று, புதிய சம்பளத்துக்கு ஒன்று என இரண்டு தொகைகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: அடுக்கடுக்காகப் பிரியுங்கள்

கற்பனையாக ஒரு வரி அட்டவணை: முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, 3 முதல் 6 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். உங்கள் வரிக்குரிய வருமானம் 5,80,000. உயர்வுக்குப் பின் 6,60,000.

பழைய வரி: 3 லட்சத்துக்கு மேலுள்ள 2,80,000-இல் 10 சதவீதம், அதாவது 28,000.

புதிய வரி: நடு அடுக்கின் 3 லட்சத்துக்கு 30,000. 6 லட்சத்தைத் தாண்டிய 60,000-க்கு மட்டும் 20 சதவீதம், அதாவது 12,000. மொத்தம் 42,000.

பயப்படுகிறவர்கள் தவறுவது இங்கேதான். 6,60,000 முழுவதற்கும் 20 சதவீதம் போட்டு 1,32,000 வரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எல்லையைத் தாண்டிய பகுதிக்குத்தான் புதிய விகிதம். கீழே இருக்கும் பணத்துக்கான வரி அப்படியே இருக்கும்.

படி 3: உயர்வை மட்டும் பாருங்கள்

சம்பளம் கூடியது 80,000. வரி கூடியது 14,000. கைக்குக் கூடியது 66,000, மாதத்துக்கு 5,500. உயர்வில் 17.5 சதவீதம் வரியாகப் போகிறது. ஆனால் மொத்த வருமானத்தில் வரியின் பங்கு 6.4 சதவீதம்தான். ‘நான் 20 சதவீத ஸ்லாப்’ என்பதால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்று அர்த்தமில்லை.

படி 4: பே ஸ்லிப்போடு ஒப்பிடுங்கள்

கணக்கில் 5,500 வந்தும் வங்கியில் அவ்வளவு ஏறவில்லையா? முதலில் உயர்வு எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். ஆண்டு வரியை மதிப்பிட்டு மாதாமாதம் பிடிக்கும் முறையில், முழு ஆண்டு அரியர்ஸோடு உயர்வு தாமதமாக வந்து 4 மாதங்களே மிச்சமிருந்தால், கூடுதல் 14,000 அந்த 4 மாதங்களில் பிடிக்கப்படும்: மாதம் 3,500. அடுத்த ஆண்டு அதுவே சுமார் 1,167 ஆகிவிடும். அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று வருங்கால வைப்பு நிதி பிடித்தால் அதுவும் கூடியிருக்கும். அது வரியல்ல, உங்கள் சேமிப்பு.

படி 5: விதிவிலக்கைத் தேடுங்கள்

ஒரு எல்லையைத் தாண்டியதும் ஏதாவது சலுகை பறிபோகிறதா? உண்மையான ஆபத்து இதில்தான்.

இந்தியாவில் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், ஸ்லாப்படி வரும் 60,000 வரியும் தள்ளுபடி. 12,10,000 ஆனால்? முழு வரியும் ஒரேயடியாக விழாதபடி, 12 லட்சத்தைத் தாண்டிய 10,000 மட்டும் வரியாக நிற்கும். அதன்மேல் 4 சதவீத செஸ் (வரியின் மீது போடும் கூடுதல் வரி) 400. ஆக, 10,000 கூடுதலாகச் சம்பாதித்தவருக்குக் கையில் 400 குறைகிறது! சுமார் 12,70,600-ஐத் தாண்டினால் வழக்கமான ஸ்லாப் கணக்கு திரும்பிவிடும்.

பிரிட்டனில் வேறு விதம். ஆண்டு வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டினால், ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் வரியில்லா வரம்பில் 1 பவுண்டு குறையும். 1,25,140 பவுண்டு வரை இங்கிலாந்தில் இருப்பவருக்கு 40 சதவீத வரி நடைமுறையில் 60 சதவீதமாகிறது. அப்போதும் உயர்வில் 40 சதவீதம் கைக்கு வரும், சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் தனி.

உங்கள் வருமானம் இப்படி ஓர் எல்லைக்கு அருகில் இருந்தால், உயர்வுக் கடிதம் வந்ததுமே உத்தேச வரிக் கணக்கைச் சம்பளப் பிரிவில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.