கைபேசிக்கு வந்த ஹதீஸை எப்படிச் சரிபார்ப்பது?

வெள்ளிக்கிழமை காலையில் தக்கலையிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஒருவரின் கைபேசியைத் திறந்தால், ரோஜாப்பூப் படத்தின்மேல் ‘நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்’ என்று தொடங்கும் நான்கைந்து ஹதீஸ்களாவது, அதாவது நபிமொழி என்று சொல்லப்படும் செய்திகளாவது, வந்து கிடக்கும். சிறுவயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்ததோடு நின்றுவிட்ட, அரபுமொழி அறியாத ஒருவர் இவற்றில் எதை நம்புவது என்று கண்டறியும் வழியை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் நூலின் பெயரையும் எண்ணையும் தேடுங்கள். ‘ஹதீஸில் வருகிறது’ என்பதோடு நின்றுவிடும் செய்தியை, ஆதாரம் கிடைக்கும்வரை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருங்கள். எண் இருந்தும் நூலில் அந்த இடத்தில் வேறொன்று இருந்தால் உடனே பொய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஈமான் (நம்பிக்கை), இஸ்லாம், இஹ்ஸான் (அழகுற வழிபடுதல்) மூன்றையும் விளக்கும் ஜிப்ரீல் ஹதீஸுக்கு ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பின் ஒரு பதிப்பில் 8 என்றும் இன்னொன்றில் 93 என்றும் எண் இருக்கிறது. ஆகவே அறிவிக்கும் நபித்தோழரின் பெயரையும் பாடத் தலைப்பையும் வைத்தே ஒப்பிட வேண்டும்.

அடுத்தது தரம். மதரஸா ஆண்டு விழா மேடைகளில் ‘சீனம் சென்றேனும் கல்வியைத் தேடுங்கள்’ என்ற வாசகத்தைக் கேட்காதவர் நம்மில் குறைவு. அதைத் தமது ஷுஅபுல் ஈமான் என்ற நூலில் பதிவுசெய்த இமாம் பைஹகீயே, வாசகம் பிரபலமானது, அறிவிப்பாளர் தொடரோ (ஒருவரிடம் ஒருவர் கேட்டு அறிவித்தவர்களின் வரிசையோ) பலவீனமானது என்று குறிப்பிட்டிருக்கிறார். இப்னுல் ஜவ்ஸீ என்ற அறிஞர் இதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்தார். மாறாக, ‘கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை’ என்பது இப்னு மாஜா என்ற ஹதீஸ் தொகுப்பில் 224ஆம் எண்ணில் உள்ளது; தனித்தனித் தொடர்களில் குறை சொல்லப்பட்டாலும், பல வழிகளில் வருவதால் ஏற்கத்தக்கது என்று மிஸ்ஸீ போன்ற அறிஞர்கள் கருதினர். கருத்து நல்லதாக இருப்பது வேறு, நபியவர்கள் அதைச் சொன்னார்கள் என்பது வேறு. தொடரிலுள்ள ஒவ்வொருவரின் நாணயத்தையும் நினைவாற்றலையும் எடைபோட்ட பிறகே ஸஹீஹ் (உறுதியானது), ஹஸன் (ஏற்கத்தக்கது), ளயீஃப் (பலவீனமானது) என்ற தரங்கள் வந்தன. (நினைவாற்றலைச் சோதிப்பது என்றால் என்ன என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை, 1907இல் சென்னையில் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களை நினைவில் நிறுத்தும் கலை) செய்துகாட்டிய செய்குத்தம்பிப் பாவலர் இடலாக்குடிக்காரர்தான்.)

கேரளம் பக்கத்திலேயே இருப்பதால் மலையாளக் குரல்பதிவுகளும் நமக்கு வருகின்றன. அரபியிலிருந்து மலையாளத்துக்கும், அதிலிருந்து யாரோ ஒருவரின் தமிழுக்கும் மாறி வந்த வாசகத்தை அச்சிட்ட தமிழ் மொழிபெயர்ப்போடு ஒப்பிடாமல் ஏற்க வேண்டாம். அதேபோல, தக்கலையின் ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி என்ற பாடல்நூலின் வரிகளை ஹதீஸ் என்று அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அது ஞானப் பாடல். அதற்குரிய மதிப்போடு ஓதலாம், அறிவிப்பாளர் தொடர் தேட வேண்டியதில்லை.

இவ்வளவையும் நீங்களே செய்துவிடலாம். ஹதீஸைச் செயல்படுத்துவதற்கு மட்டும் ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) வேண்டும். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நபியவர்கள் மதீனாவில் அச்சமோ பயணமோ இல்லாதபோதும் லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்) தொழுகைகளை ஒரே வேளையில் சேர்த்துத் தொழுதார்கள் என்ற ஹதீஸைக் காட்டி, கடையில் கூட்டமுள்ள நாட்களில் தாமும் அப்படிச் செய்யலாம் என்றார். ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதுதான், இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது. ஆனால் ஷாஃபியீ மத்ஹபில் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்ட வழிமுறை) பயணம், மழை போன்ற காரணங்களுக்கே சேர்த்துத் தொழ இடமுண்டு. ஹனஃபீ மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே. ஆதாரம் சரியாக இருந்தும் அவர் எடுத்த சட்டம் தவறாகப் போனது இப்படித்தான். எனவே ஆலிமிடம் ‘இது ஸஹீஹா?’ என்று மட்டும் கேட்காமல், ‘நம் மத்ஹபில் இதன்படி அமல் (செயல்பாடு) உண்டா, எந்தச் சூழலுக்கு?’ என்றும் கேளுங்கள். பெயருக்குப் பின்னுள்ள பட்டம் அவர் எங்கே ஓதினார் என்பதைக் காட்டும். பாகவி என்றால் வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா. செய்தியைக் கைபேசியில் நீட்டாமல் நூல், பக்கம், எண்ணோடு தாளில் எழுதிக்கொண்டு, தொழுகை முடிந்து அவர் சற்று ஓய்வாக இருக்கும் நேரத்தில் செல்வது நல்லது.

செய்தி ஆதாரமற்றது என்று தெளிவானால், அதைக் குழுவில் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டாம். பெரும்பாலும் அனுப்பியவர் நம் வீட்டுப் பெரியவராகவே இருப்பார். ‘மாமா, நீங்க அனுப்புன ஹதீஸுக்கு ஆதாரம் கிடைக்கல, இதே கருத்துல இப்னு மாஜாவுல ஒண்ணு இருக்கு, இதைப் போடலாமா?’ என்று தனியாக எழுதினால், அவரே பழையதை நீக்கிவிட்டுப் புதியதை அனுப்புவார்.