புள்ளி விழும் இடம்: பிள்ளைகளுக்கு வாக்கியம் பிரிக்கக் கற்றுத்தருவது

"மூச்சு விடும் இடத்தில் புள்ளி வை" என்று சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் நாலு வாக்கியம் பேசும். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில், அதாவது 'வந்தான்' போல முடிந்து நிற்கும் வினைச்சொல்லில், முடிகிறது. அதைப் பிடிக்கப் பழக்கினால் போதும்.

முதல் நாள் நோட்டே வேண்டாம், காது போதும். "ரவி வந்து" என்று சொல்லி நிறுத்துங்கள். "வந்து?" என்று பிள்ளையே கேட்கும். "ரவி வந்த" என்றால் "வந்த எது? பஸ்ஸா?" என்று கேட்கும். "ரவி வந்தான்" என்றால் கேள்வி வராது. கேள்வி மிஞ்சினால் எச்சம், மிஞ்சாவிட்டால் முற்று. பத்துப் பன்னிரண்டு வினைகளை இப்படிச் சொல்லிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும்.

மறுநாள் புள்ளியே இல்லாமல் பலகையில் எழுதுங்கள்:

காலையில் எழுந்தேன் பல் தேய்த்தேன் பள்ளிக்கு ஓடினேன் மணி அடித்தது நாங்கள் வரிசையில் நின்றோம் டீச்சர் உள்ளே வாருங்கள் என்று சொன்னார் அவர் புது டீச்சர்

வினைமுற்றுகளுக்கு அடிக்கோடு போடச் சொன்னால் ஏழு வரும். புள்ளியும் ஏழுதான், ஆனால் அதே ஏழு இடங்களில் அல்ல! 'வாருங்கள்' முற்றுதான், பின்னால் 'என்று' வருவதால் வாக்கியம் அங்கே முடியவில்லை. 'அவர் புது டீச்சர்' என்பதில் வினையே இல்லை, ஆனாலும் முழு வாக்கியம். பெயரும் பயனிலையாகும், அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கும் என்பதை இங்கேயே காட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் 'வினை இல்லையென்றால் தப்பு' என்று மனதில் பதிந்துவிடும்.

பிறகு சேர்க்கப் பழக்குங்கள். ஆள் மாறவில்லை என்றால் எளிது: எழுந்து, பல் தேய்த்து, பள்ளிக்கு ஓடினேன். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு எச்சம் என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் "எழுந்து குளித்து சாப்பிட்டு கிளம்பி" என்று ரயில் ஓடும். ஆள் மாறினால் கவனம் வேண்டும். "மணி அடித்து நாங்கள் நின்றோம்" என்றால் மணியை நாமே அடித்ததுபோல் ஆகிவிடுகிறது. 'அடித்ததும்' என்று எழுத வேண்டும்.

'பாடும்' போன்ற சொற்கள் பெரியவர்களையே குழப்பும். "குயில் பாடும்" முடிந்துவிட்டது, "பாடும் குயில்" முடியவில்லை. அடுத்த பெயரோடு சொல் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நோட்டுத் திருத்தும்போது புள்ளியை நீங்கள் வைக்காதீர்கள். ஓரத்தில் "4 புள்ளி விட்டுப்போச்சு" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.