வீட்ல தஹினி சாஸ் பண்றப்போ சொதப்புற இடங்கள்

ஃபலாஃபல், அதான் அரபு ஊர் கொண்டைக்கடலை வடை, வாங்கினா கூட ஒரு வெள்ளை எள்ளு சாஸ் தருவாங்கல்ல, அதுதான் தஹினி சாஸ், லெபனான்ல அதுக்கு 'தராத்தோர்'னு பேரு, பாலஸ்தீனம் பக்கம் 'தஹினா', அதை வீட்ல பண்ணலாம்னு இறங்கி நான் மொத தடவை பண்ணது எள்ளுப்பொடியை தண்ணில கரைச்ச மாதிரி கசப்பா வந்துச்சு. காரணம் நம்ம கைப்பழக்கம்தான். இட்லிப்பொடிக்கு எள்ளு படபடன்னு வெடிக்கிற வரைக்கும் வறுப்போம், இதுக்கு அது ஆகவே ஆகாது. சின்ன தீயில கிண்டிட்டே இருந்து லேசா நிறம் திரும்பி வாசனை வந்ததும் தட்டுல கொட்டிடணும், சட்டிலயே விட்டா அந்த சூட்டுலயே கருகிடும். எள்ளும் தோல் நீக்குன வெள்ளை எள்ளா இருக்கணும், தோலோட இருந்தா கசக்கும்.

அடுத்து அரைக்கிறது. முதல்ல பொடியாகும், அப்புறம் கட்டியா ஜார் ஓரத்துல அப்பிக்கும், இங்கதான் பாதி பேர் தண்ணி ஊத்தி கெடுத்துடறாங்க. எள்ளுல பாதிக்கு பாதி எண்ணெய்தான், வழிச்சுவிட்டு, மிக்ஸிக்கு கொஞ்சம் ரெஸ்ட் குடுத்து திரும்பத் திரும்ப ஓட்டினா தானா இளகி விழுதாகும், இந்த விழுதுதான் தஹினி. ரொம்ப அடம்புடிச்சா ரெண்டு ஸ்பூன் சன்ஃபிளவர் ஆயில் விடுங்க, செக்கு நல்லெண்ணெய் வேணாம், அந்த வாசனை எல்லாத்தையும் அமுக்கிடும்.

இப்போ சாஸ். அரை கப் விழுதுக்கு கால் கப் எலுமிச்சை சாறு. பூண்டை நேரா விழுதுல அரைச்சா காரம் நாக்கை அறுக்கும், நசுக்கி எலுமிச்சை சாறுலயே பத்து நிமிஷம் ஊறவெச்சு வடிகட்டி ஊத்துங்க, புளிப்பு பூண்டோட வேகத்தை அடக்கிடும். உப்பு போட்டு கலக்கும்போது திடீர்னு திரிஞ்ச மாதிரி கெட்டியாகி கரண்டியோட சுருண்டு வரும், நான் அப்போ பயந்துபோய் இன்னும் எண்ணெய் ஊத்தி மொத்தத்தையும் வீணாக்கினேன். உண்மையில அதுக்குத் தேவை தண்ணி, எள்ளுல இருக்கற மாவும் புரதமும் கொஞ்சூண்டு ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்குது, அவ்ளோதான். ஐஸ் தண்ணியை ஸ்பூன் ஸ்பூனா விட்டு அடிச்சா கண்ணு முன்னாடியே வெளுத்து தோசைமாவு பதத்துக்கு வந்துடும்.

கலந்த சாஸ் ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் தாங்கும். தண்ணி படாத வெறும் விழுது ஒரு மாசம் கூட இருக்கும், ஈர ஸ்பூன் மட்டும் போடாதீங்க, மேல எண்ணெய் மிதக்குதேன்னு கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, அடி வரைக்கும் கலக்கினா சரியாயிடும்.