கணவாயில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒட்டுண்ணி இல்லை

குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் போட் கரை சேர்ந்ததும் கணவாயையும் சங்கையும் படம் எடுத்து "இதுல என்ன பேன் ஒட்டியிருக்கு?" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். ஆர்வம் நல்லதுதான், ஆனால் வரும் பதில்களில் பாதி தப்பு.

கணவாயின் வாயைச் சுற்றியோ உடலுக்குள்ளேயோ ஒட்டியிருக்கும் குட்டி வெள்ளை நூல்கள் அநேகமாக விந்துப் பைகள், ஆண் கணவாய் பெண்ணிடம் வைத்துவிட்டுப் போனவை. பச்சையாகத் தின்றால் அவை வாயில் குத்தும், ஜப்பானிலும் கொரியாவிலும் அப்படி ஆகியிருக்கிறது, என்றாலும் ஒட்டுண்ணி இல்லை. அதேபோல மீனின் நாக்கில் ரத்தம் குடித்து, நாக்கு சுருங்கியதும் அந்த இடத்தில் உட்காரும் பூச்சியின் படத்தைக் கணவாய்க்கும் சேர்த்துப் போடுவதும் தப்பு. அது மீனில் இருப்பது. செத்த சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டும், ஓட்டின் மேல் ஒட்டிய கொட்டலசும் இடத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்கின்றன. சிப்பிக்குள் கிடக்கும் உருண்டையான பட்டாணி நண்டு வேறு கதை: சிப்பி வடிகட்டிய இரையை எடுத்துக்கொண்டு செவுளையும் சேதப்படுத்தும், அதை ஒட்டுண்ணி என்று தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்த தப்பு, ஒட்டுண்ணி இறால் இனம் என்றதும் காலையும் கொடுக்கையும் தேடுவது. கணவாய், சங்கு, சிப்பி போன்ற மெல்லுடலிகளில் ஒட்டி வாழும் கோப்பிபாட்களில் (இறாலுக்குச் சொந்தமான குட்டி உயிரிகள்) பல பெண்கள் வளர்ந்த பிறகு வெறும் பை மாதிரி ஆகிவிடும். கடல் அட்டை போல ஊரும் ஓடில்லாத நத்தைகளுக்குள் சில கோப்பிபாட் வகைகள் உடம்பு முழுக்க உள்ளே புதைந்து, முட்டைப் பைகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சைப் பார்த்தால்தான் இறால் சொந்தம் என்று தெரியும். பக்கத்தில் தூசி மாதிரி ஒட்டியிருப்பது ஆணாக இருக்கலாம், கழுவி விடாதீர்கள்.

ஒட்டுண்ணியைப் பிடித்து இழுக்கவும் கூடாது, தலைப்பகுதி சதைக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். சுற்றியுள்ள சதையோடு வெட்டி எடுங்கள். எல்லாக் கணவாயையும் ஒரே பையில் போட்டால் உதிர்ந்தது எதிலிருந்து என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது, அதனால் ஒன்றுக்கு ஒரு பை, எந்த இடம், எத்தனை ஆழம் என்ற குறிப்போடு. டி.என்.ஏ. பார்க்க வேண்டுமென்றால் ஃபார்மலின் வேண்டாம், எத்தில் ஆல்கஹால் போதும்.

அப்புறம், தூரத்தில் பிடித்ததெல்லாம் ஆழ்கடல் உயிரி ஆகாது. கன்னியாகுமரிக்குத் தெற்கே நம் போட்கள் போகும் வெட்ஜ் பேங்க் 200 மீட்டருக்குள் அடங்கும் திட்டு. பசிபிக்கில் சுமார் 2600 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றருகே வாழும் ஆக்டோபஸ் ஒன்றில் 'ஜெனிசிஸ் வல்கனோக்டோபூசி' என்ற கோப்பிபாட் உண்டு. இணையத்தில் கிடைத்தது என்பதற்காக அந்தப் பெயரை நம் கணவாய்க்கு வைத்தால் எப்படி? நம் பக்கம் கணவாயின் செவுளில் குட்டியாக ஏதாவது ஒட்டியிருந்தால் பென்னெல்லா என்ற கோப்பிபாட்டின் இளம்பருவமா என்றும் பாருங்கள். இளமையில் கணவாயில் இருந்துவிட்டு, வளர்ந்த பெண் மயில் மீனிலோ திமிங்கிலத்திலோ போய்ப் புதையும், நீளமான கயிறு போலத் தொங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் ஒரே உயிர் என்று நம்ப மாட்டீர்கள்.