மேக் ஆக்சஸ் லிஸ்ட் போட்டும் லேப்டாப் அடங்கவில்லையா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடை. கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டி சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்ச், கேபிள் செருக 24 போர்ட். முதலாளியின் பையன் மாடியில் பிரிண்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தன் லேப்டாப்பைச் செருகிப் படம் இறக்குவான். கீழே பில் போடும் கம்ப்யூட்டர் திணறும். "அவன் லேப்டாப்பை மட்டும் அடைச்சு விடுங்க தம்பி" என்றார் அண்ணாச்சி.

முதலில் மேக் முகவரி வேண்டும், அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடித்தால் 'பிசிகல் அட்ரஸ்' என்று 12 எழுத்து வரும். வைஃபைக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று இருக்கும், கேபிளுக்கானதை எடுங்கள். விண்டோஸ் இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டும். சிஸ்கோவுக்கு நான்கு நான்காகப் பிரித்து நடுவில் புள்ளி வைக்க வேண்டும். லேப்டாப் கையில் சிக்காவிட்டால் சுவிட்சிலேயே 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்' பாருங்கள், எந்த போர்ட்டில் எந்த முகவரி என்று தெரிந்துவிடும்.

சுவிட்சுக்குக் கட்டளை கொடுக்க, டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய கன்சோல் கேபிளை மாட்டி, 'மேக் ஆக்சஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட் கடை' என்று ஆரம்பித்தேன். எந்த மேக் முகவரியை விடுவது, எதை மறிப்பது என்று சொல்லும் பட்டியல் இது, 'கடை' நான் வைத்த பெயர். அதற்குள் 'டினை ஹோஸ்ட்', அந்த முகவரி, 'எனி'. அடுத்த வரி 'பெர்மிட் எனி எனி'. இதை மறந்தால், லிஸ்டின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் 'டினை' மற்ற எல்லாவற்றையும் மறித்துவிடும். பிறகு மாடி போர்ட்டுக்குள் போய் 'மேக் ஆக்சஸ்-குரூப் கடை இன்'.

போட்டாச்சு. லேப்டாப்பிலிருந்து இணைப்பைச் சோதிக்கும் பிங் ஜம்மென்று போகிறது! அண்ணாச்சி என்னைப் பார்க்கிறார், நான் சுவிட்சைப் பார்க்கிறேன். அரை நாள் போன பிறகுதான் கையேட்டில் கண்டேன்: இந்த மாடலில் மேக் லிஸ்ட் ஐபி அல்லாத போக்குவரத்தை மட்டுமே வடிகட்டும். படம் இறங்குவதோ ஐபியில், இன்டர்நெட் ஓடும் வழியே அதுதான்.

அடுத்து, 'மேக் அட்ரஸ்-டேபிள் ஸ்டாட்டிக்', முகவரி, 'விலான் 1 டிராப்'. விலான் என்பது சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க், லேப்டாப் இருக்கும் விலான் எண்ணைப் போடுங்கள். உடனே அடங்கியது. மறுநாளே பையன் யூஎஸ்பி லேன் அடாப்டரோடு வந்துவிட்டான். அதற்கு வேறு முகவரி. கெட்டிக்காரன்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: போர்ட் செக்யூரிட்டி. பிரிண்டரைத் திரும்பச் செருகி, அந்த போர்ட்டுக்குள் வரிசையாக: 'சுவிட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்', 'சுவிட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி மேக்-அட்ரஸ் ஸ்டிக்கி', 'சுவிட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி வயலேஷன் ரெஸ்ட்ரிக்ட்', கடைசியாக வெறும் 'சுவிட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி'. இந்தக் கடைசி வரி இல்லாமல் மேலே உள்ளது எதுவும் வேலை செய்யாது. ஒரு முகவரிக்குத்தான் இடம், அதைப் பிரிண்டர் பிடித்துக்கொள்ளும். 'ரெஸ்ட்ரிக்ட்' போடாவிட்டால், வேறு முகவரியைக் கண்டதும் போர்ட்டே படுத்துவிடும். 'ஷட்டவுன்', 'நோ ஷட்டவுன்' கொடுத்து எழுப்ப நான் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏற வேண்டும்.

வைஃபை பெட்டி மாட்டிய போர்ட்டில் இதைப் போடாதீர்கள். அதன் பின்னால் இருக்கும் ஒவ்வொரு போனும் தனி முகவரியோடு வரும்.

'ஷோ போர்ட்-செக்யூரிட்டி இன்டர்ஃபேஸ்', கூடவே போர்ட் பெயர் அடித்துப் பார்த்துவிட்டு, போட்டதைச் சேமிக்கக் கையோடு 'காப்பி ரன் ஸ்டார்ட்' கொடுங்கள். கொடுக்காமல் டீ குடிக்கப் போனேன், கரண்ட் போய் வந்தது, எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன்.