பதில் ஒருவருக்கு மட்டும் போக: மடற்குழுவுக்கு ஒரு சல்லடை விதி

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் எங்களுக்கு ஒரு மடற்குழு இருக்கிறது. போன வருடம், ஒரு மாணவியின் வீட்டுக் கஷ்டத்தை அவளுடைய வகுப்பாசிரியைக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துப் பதில் அனுப்பினேன். அது குழு முழுவதற்கும் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் பெரியம்மாவும் குழுவில் இருக்கிறார். மறுநாளே டிக்கோயாவுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகுதான் இந்த விதியை எழுதினேன்.

காரணம் 'ரிப்ளை-டூ'. அஞ்சலின் மேலே வரும் தலைப்பு வரிகளில், பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வரி அது. பல குழு மென்பொருள்கள் அதில் குழுவின் முகவரியை இட்டுவிடுகின்றன. அந்த வரி இல்லாவிட்டால் பதில், அனுப்பியவரைக் காட்டும் 'ஃப்ரம்' வரியில் உள்ளவருக்குப் போகும்.

ஜிமெயில் வடிகட்டியால் தலைப்பு வரிகளைத் திருத்த முடியாது. அஞ்சலை வகை பிரிக்கும் விதிகளை எழுத உதவும் 'சீவ்' மொழியை ஏற்கும் அஞ்சல் சேவையகம் வேண்டும். சீவ் என்றால் சல்லடை. தேயிலைத் தூளை ரகம் பிரிக்கும் ஊரில் அதை விளக்கத் தேவையில்லை. தலைப்பைத் திருத்த 'எடிட்ஹெடர்' என்ற நீட்சியும் வேண்டும். டவ்காட் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளில் அது தானாக இயங்காது, நிர்வாகிதான் இயக்க வேண்டும்.

விதியின் முதல் வரியில் எடிட்ஹெடர், அஞ்சலைக் கோப்புறையில் போடும் ஃபைல்இன்டு இரண்டையும் கோருங்கள். குழு அஞ்சலை, குழுவின் அடையாளத்தைச் சொல்லும் 'லிஸ்ட்-ஐடி' வரியை வைத்தே அடையாளம் காணுங்கள். பெறுநரைக் காட்டும் 'டூ' வரியை நம்பினால், யாராவது குழுவை நகலில் மட்டும் சேர்க்கும் நாளில் விதி தவறிவிடும். அடுத்து, 'டெலீட்ஹெடர்' கட்டளையால் ரிப்ளை-டூவை நீக்குங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். 2014இல் யாஹூ, தன் முகவரியில் வரும் போலி அஞ்சல்களைத் தடுக்கும் 'டிமார்க்' கொள்கையை இறுக்கியபின், பல குழுக்கள் ஃப்ரம் வரியில் குழுவின் முகவரியை வைத்து, எழுதியவரின் முகவரியை ரிப்ளை-டூவுக்கு நகர்த்துகின்றன. அங்கே முழுவதையும் நீக்கினால் எழுதியவரே தொலைந்துவிடுவார். பதில் மறுபடி குழுவுக்கே போகும். எனவே இரண்டு நிபந்தனைகள்: ரிப்ளை-டூவில் குழுவின் முகவரி இருக்க வேண்டும், ஃப்ரம் வரியில் அது இருக்கக் கூடாது. இரண்டும் பொருந்தினால் மட்டும் நீக்குங்கள்.

பொருள் வரியின் முன்னால் சதுர அடைப்புக்குள் நிற்கும் குழுப்பெயரையும் இப்படியே எடுக்கலாம். 'வேரியபிள்ஸ்' நீட்சியால் மிச்சத்தைப் பிடித்துவைத்து, பழைய வரியை நீக்கி, 'அட்ஹெடர்' கட்டளையால் புதிதாகச் சேர்க்க வேண்டும். தமிழில் எழுதும் நமக்குச் சீவ் ஏற்றது. தமிழ்ப் பொருள் வரி அஞ்சலுக்குள் குறியாக்கப்பட்டுத்தான் வருகிறது. சீவ் அதை அவிழ்த்துப் பார்த்து ஒப்பிடும். பழைய அஞ்சல் வடிகட்டியான 'புரோக்மெயில்' அந்தக் குறிகளை அப்படியே பார்ப்பதால் பெயரைத் தவறவிடும்.

இன்னொன்று: பொருள் வரியை மாற்றினால் அதை உள்ளடக்கிய 'டிகேஐஎம்' கையொப்பம், அதாவது அஞ்சல் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் மின்முத்திரை, செல்லாமல் போகும். உங்கள் பெட்டியிலேயே தங்கும் அஞ்சலுக்கு அதனால் கேடில்லை. அங்கிருந்து வேறு முகவரிக்கு முன்னனுப்புகிறீர்கள் என்றால் பொருள் வரியைத் தொடாதீர்கள்.

முதல் வாரம், நீக்கும் கட்டளைக்கு முன்பே ஃபைல்இன்டு மூலம் மூல அஞ்சலின் நகலைத் தனிக் கோப்புறையில் போடுங்கள். திருத்தம் அதற்குப் பின்வரும் கட்டளைகளையே பாதிக்கும். திருத்தியதை உட்பெட்டிக்கு அனுப்ப 'கீப்' கட்டளையைக் கடைசியில் எழுத மறக்காதீர்கள். பிறகு ஓர் அஞ்சலுக்குப் பதில் பொத்தானை அழுத்தி, பெறுநர் கட்டத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். நான் இன்றைக்கும் அனுப்புவதற்கு முன் அந்தக் கட்டத்தை ஒருமுறை வாசிக்கிறேன்.